குஃபுவின் நண்பர்கள்



கெய்ரோ நகரிலிருந்து கீசாவுக்கு அதிக தூரமில்லை. பாலைவனத்தின் நடுவே தனித்து நிற்பதாகப் படங்களில் பார்த்துப் பழகிய பிரமிட், அடுக்குமாடி வீடுகளுக்கும் கொடியில் காயும் துணிகளுக்கும் மேலாகத் திடீரென்று தலைகாட்டுகிறது. எங்கள் வாகனச் சாரதி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு அது ஊர்க் கோயில் கோபுரம் போல.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய பிரமிட் கி.மு. 2560 அளவில் குஃபு என்ற மன்னனுக்காக எழுப்பப்பட்டது. அன்று அதன் உயரம் 146 மீற்றருக்குச் சற்று மேல். உச்சிக் கற்கள் போனபின் இன்று 138 மீற்றர் வரையில். கற்கள் ஏறத்தாழ 23 இலட்சம். (கீசாவின் இரு பெரிய பிரமிட்களுக்கும் அடுத்தபடியாகப் பண்டைய உலகில் உயர்ந்து நின்றது நமது அநுராதபுரத்து ஜேதவனாராமத் தாதுகோபமே என்பர். அது செங்கல்லால் ஆனது. அங்கே போய்வரும் நம்மவரில் எத்தனை பேர் இதை நினைக்கிறோம்?)

உள்ளே ஏறும் வழி முதுகை ஒடித்துவிடும். குனிந்தபடியே புழுக்கத்தில் ஏறவேண்டும். பின் ஓரிடத்தில் கூரை எட்டு மீற்றருக்கும் மேலாக உயர்ந்துவிட, மூச்சு விடுகிறோம். அதற்கும் அப்பால் மன்னனின் அறை. தெற்கே 800 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அஸ்வானிலிருந்து வந்த கருங்கல்லாலான சுவர்கள். மூடியில்லாத, ஒரு மூலை உடைந்த கற்பேழை ஒன்று. வேறொன்றுமில்லை. சுவரில் ஓர் எழுத்துக்கூட இல்லை. பேழை ஏறுவழியைவிட அகலமானது. ஆகவே அறை கட்டி முடியுமுன்பே அதை உள்ளே வைத்திருக்கவேண்டும்.

அந்த அறைக்கு மேலே, யார் கண்ணிலும் படாத இடைவெளிகள் உள்ளன. 1837இல் வெடிமருந்து வைத்து வழி திறந்தபோது அங்கே சிவப்பு மையில் தொழிலாளர் தீட்டிய குறிகள் காணப்பட்டன. அவற்றில் வேலைக் குழுக்களின் பெயர்களும் இருந்தன. ஒரு குழுவின் பெயர் ‘குஃபுவின் நண்பர்கள்’. எனக்கு அந்த வெற்று அறையைவிட இந்தப் பெயரே பெரிதாகப்பட்டது.

எங்களோடு வந்த பயணி ஒருவர், இதை மனிதர் கட்டியிருக்க முடியாது, வேற்றுக்கிரகவாசிகள்தான் என்று அடித்துப் பேசினார். இன்னொருவர், அடிமைகள் சவுக்கடி பட்டுக் கட்டியது என்றார். ஒரு இலட்சம் பேரை வேலை வாங்கினார்கள் என்று ஹெரொடோட்டஸ் எழுதியதும், பிற்காலச் சினிமாவும் சேர்ந்து வளர்த்த எண்ணம் அது.

விடை பக்கத்திலேயே இருந்தது. 1990இல் ஸ்பிங்ஸ் சிலைக்குத் தெற்கே குதிரையொன்று மண்செங்கற் சுவரில் கால் இடறியது. தோண்டினார்கள், பிரமிட் கட்டியவர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்புகள். முறிந்து, நேராகப் பொருத்தப்பட்டுக் குணமான கைகள். மருத்துவம் பார்த்திருக்கிறார்கள்! அருகே பாண் சுட்ட அடுப்படிகள், மணிவடிவ மண் அச்சுகள், உண்டு கழித்த மாட்டெலும்புகள், ஆட்டெலும்புகள். வேலைக்காரரின் தொகை பத்தாயிரம், இருபதாயிரம் என்ற அளவில்தான் இன்று மதிப்பிடப்படுகிறது. விரும்பியே வந்தார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். மன்னன் ஆள் கேட்டால் கிராமம் மறுக்க முடியுமா? ஆனால் அரசனின் கல்லறை நிழலில் கல்லறை பெற்றவர்களை அடிமைகள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடவும் முடியாது.

மாலையில் சக்காராவையும் பார்த்தோம். குஃபுவுக்கு ஒரு நூற்றாண்டு முந்திய படிப்பிரமிட். ஆறு படிகள், 60 மீற்றருக்குச் சற்று மேல். அதுபற்றி இன்னொரு நாள்.

திரும்பும் வழியில் நைல் நதியின் மறுகரையை வழிகாட்டி சுட்டினார். துரா என்ற இடம் அங்கே. பிரமிட்டின் மேற்பூச்சான வெண்சுண்ணக்கல் வெட்டப்பட்ட இடம். 2013இல் செங்கடற் கரையில் பப்பைரஸ் ஏடுகள் சில கிடைத்தன. எழுத்துள்ள பப்பைரஸ்களுள் மிகப் பழையவை அவை. மெரர் என்ற மேற்பார்வையாளனின் நாட்குறிப்பும் அவற்றுள் உண்டு. நாற்பது பேரளவிலான தன் குழுவுடன் துராவில் கல்லேற்றி, கீசாவில் இறக்கி, மறுபடி திரும்பியதைப் பத்து நாளில் இரண்டு மூன்று தடவையாக அவன் எழுதிவைத்திருக்கிறான். மன்னனைப் புகழ்ந்தல்ல. இன்று கல் ஏற்றினோம். இரவு இன்ன இடத்தில் தங்கினோம். அவ்வளவுதான்.