வெருகலுக்கு மறுபடி வருகிறவர்கள்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர்களை மேடையில் ஏற்றினால் சீனி வருத்தத்தையும் பிரஷரையும் பற்றித்தான் பேசுவார்கள் என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. பயப்பட வேண்டாம். நாளை மறுநாள் நீங்கள் பிள்ளைகளோடு வெருகலுக்குப் போகிறீர்கள். அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தது எங்கள் வகுப்புத்தான். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

நாங்கள் படித்த காலத்தில் வெருகல் கிட்ட இருந்தும் எட்டாத ஊர். கிண்ணியா, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஆறு குறுக்கிடும் துறைகளில் எல்லாம் பாதையில் ஏறி இறங்க வேண்டும். யுத்தம் வந்தபோது அந்தப் பயணமும் நின்றது. 2004இல் சுனாமி; 2006இல் இடப்பெயர்வு. சனம் கோயிலை விட்டுப் போய்த் திரும்பி வந்தது. பிறகு பாலங்கள் வந்தன. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. இன்று காலையில் வானில் புறப்பட்டால் சித்திர வேலாயுதரைக் கும்பிட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு நகருக்குத் திரும்பிவிடலாம்.

அங்கேதான் எங்களுக்குக் கவலை. இறங்கினோம், விபூதி பூசினோம், படம் எடுத்தோம், ஏறினோம் என்றால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்கிற பிள்ளைக்கு மிஞ்சுவது வெயிலும் ‘எப்ப போறம்?’ என்ற கேள்வியும்தான். அந்தப் பிள்ளை முப்பது வயதில் தன் பணத்தில் லீவு எடுத்து மறுபடி வெருகலுக்கு வருமா?

ஆனால் வெருகலுக்கு வருடா வருடம் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் விளம்பரம் செய்து அழைத்தவர்கள் அல்லர். ஆவணித் திருவிழாவில் தங்கள் ஊருக்கு உரிய உபயத்தைச் செய்ய வருகிற திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கத்துச் சனங்கள் ஒரு வகை. செல்வச்சந்நிதியிலிருந்து கீழ்க்கரை வழியே கதிர்காமத்துக்கு நடக்கிற பாதயாத்திரிகர்கள் இன்னொரு வகை.

யாத்திரைக் காலத்தில் நாங்கள் சிலர் மருந்துப் பெட்டியோடு போய் அங்கே உட்காருவது வழக்கம். வெருகலுக்கு வரும்போது அவர்கள் பாதி வழி வந்திருப்பார்கள். வெடித்த குதிகால், விரல் இடுக்கில் கொப்புளம், தண்ணீர் குறைந்து தலைச்சுற்று. புண்ணைக் கழுவும்போது கதை கேட்போம். ஏன் மறுபடி வந்தீர்கள் என்றால் கோபுரத்தின் உயரத்தை ஒருவரும் சொல்வதில்லை. “போன வருசம் மோர் தந்த அந்த அம்மா, இந்த முறை கண்டவுடன கால் சுகமோ எண்டு கேட்டவ.” இதுதான் பதில், ஆள் மாறும், மோர் கஞ்சியாக மாறும், வேறொன்றும் மாறாது.

இதற்கு எங்கள் துறையிலேயே ஒரு சான்று உண்டு. கொஞ்சம் கூச்சமான உதாரணம், பொறுத்துக்கொள்ளுங்கள். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு வந்த 682 பேரை வைத்துக் கனடாவின் வைத்தியர் டொனால்ட் ரெடல்மெயரும் நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டானியல் கானமனும் மற்றொருவரும் சேர்ந்து செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு, வேலை முடிந்த பிறகும் குழாயை அசைக்காமல் சிறிது நேரம் விட்டு வைத்தார்கள். மொத்த நேரம் கூடியது. ஆனால் கடைசி நிமிடங்களில் வலி குறைவு. அவர்களே பரிசோதனை அவ்வளவு மோசமில்லை என்று நினைவுகூர்ந்தார்கள். பிற்காலத்தில் மறுபரிசோதனைக்குத் திரும்பி வந்தவர்களும் அவர்களில்தான் சற்றுக் கூட. எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை மனம் கணக்கு வைப்பதில்லை. உச்சத்தில் என்ன நடந்தது, முடிவில் என்ன நடந்தது என்பதைத்தான் வைத்திருக்கிறது. வான் சாரதி ஹோர்ன் அடித்து அவசரப்படுத்துவதோடு முடிகிற பயணத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடிவு மட்டும் போதாது. ஸ்பெயினில் சந்தியாகோ என்ற தலத்துக்கு நடக்கிற பாதையில் 1986இல் சான்றிதழ் பெற்றவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. 2023இல் நான்கு இலட்சத்தைத் தாண்டினார்கள். அந்த வழியில் உள்ள மடங்கள் பலவற்றில் கதவு திறந்து, நிலம் கூட்டி, தேநீர் போட்டுக் கொடுக்கிற தொண்டர்கள் யார்? முன்பு அதே பாதையில் நடந்தவர்கள். வந்தவர், பிறகு வருகிறவர்களை வரவேற்கிறார்.

இது எங்களுக்குப் புதிதல்ல. வெருகல் கோயில் கல்வெட்டில் தெற்கு மதில் கயிலாய வன்னியனாரின் உபயம் என்று இருக்கிறது. மதிலில் பங்கு உள்ளவர் அந்த இடத்துக்கு விருந்தாளி இல்லை. ஆவணியில் ஊர்களுக்கு உபயம் பிரித்துக் கொடுத்தவர்களும் அதைத்தான் அறிந்திருந்தார்கள். பார்க்க வரச் சொல்லவில்லை. செய்ய வரச் சொன்னார்கள். வீதியோரம் சாயம் பூசிய வரவேற்பு வளைவு கட்டுகிறவர்களுக்கு இது ஏன் விளங்குவதில்லையோ தெரியவில்லை.

அந்த உபசாரத்தின் பாரம் வெருகல் பெண்களின் தலையில்தான் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தங்கள் வீட்டு உலையே பாடாக இருக்கும்போது அடியாருக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் அவர்கள். எனவே இந்த முறை அரிசி, பருப்பு, விறகு எல்லாம் எங்கள் செலவு. சமைக்கிற அம்மாமாருக்குக் கூலி உண்டு. மலசலகூடத்துக்கும் தண்ணீருக்கும் சங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது. தேனும் தயிரும் அந்தப் பக்கத்துக் குடும்பங்களிடமே வாங்குகிறோம்; பேரம் பேச வேண்டாம்.

ஒழுங்கு இதுதான். காலையில் போய் அன்றிரவு மடத்தில் தங்குகிறோம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லோரும் மாலையில் மடப்பள்ளிப் பக்கம் வர வேண்டும். மரக்கறி வெட்டலாம், வாழையிலை துடைக்கலாம், பந்தியில் தண்ணீர் ஊற்றலாம். தமிழ் தெரியாத பிள்ளைக்கும் தண்ணீர் ஊற்றத் தெரியும். தாய்மார் ‘அவ பழக்கமில்லை’ என்று சொல்லி இழுத்துக்கொண்டு போகக் கூடாது. எங்களில் இரண்டு பேர் வாசலில் நிற்போம்!

மறுநாள் விடிய ஆற்றங்கரை. மகாவலியின் கிளை அது. ஆவணியில் தீர்த்தம் ஆடுகிற ஆறு. ஆழம் தெரிந்த ஊர்ப் பெரியவர்கள் காட்டுகிற இடத்தில் மட்டும் கால் நனைக்கலாம். அங்கிருந்துதான் வானில் ஏறுகிறோம். சாரதிமாரிடம் ஏழு மணிக்குப் புறப்பாடு என்று சொல்லியிருந்தோம். நேற்று அதை எட்டரை என்று மாற்றிவிட்டோம். கொழும்பு விமானத்தைச் சொல்லி யாராவது அவரை அவசரப்படுத்த நினைத்தால், முதலில் எங்களிடம் வாருங்கள்.