தீட்டுகிற நேரத்துக்கும் கூலி உண்டு

மழுங்கிய கத்தியைத் தீட்டுவதா, பிளேடை மாற்றுவதா என்பது இந்தப் பட்டிமன்றத்தின் வழக்கு. பிளேடை ஒடித்தால் புது முனை வந்துவிடும், கல்லோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை என்றார்கள் எதிரணியினர். அட்டைப்பெட்டி பிரிக்கிற இடத்தில் இந்த வாதம் எடுபடும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் எடுபடாது. இங்கே கத்தி தோலைத் தொடுகிறது. ஒரே தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாகவும் வயிற்றுப் பக்கம் தளர்வாகவும் இருக்கும். முனை மழுங்கியிருந்தால் தோல் அறுபடுவதற்கு முன் இழுபடும், கோடு விலகும், வெட்டிய ஓரத்தில் நார் பிசிறாக நிற்கும். ஓரம் சீவும்போது நிலைமை இன்னும் மோசம். மடித்துத் தைப்பதற்காக உள்பக்கத்தை மெல்லியதாகச் சீவிக்கொண்டு போகிற கத்தி ஓரிடத்தில் சிக்கினால், அடுத்த அழுத்தத்தில் மேல்பரப்பையே கிழித்துவிடும். அந்தத் துண்டு கழிவுக்குத்தான் போகும்.

தோல் மென்மையானது, அது எஃகை என்ன செய்துவிடும் என்று கேட்டார்கள். 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில். சவர பிளேடின் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி, அந்த எஃகின் முனையைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறது. முடி வளைந்து சாயும்போது, எஃகின் நுண்கட்டமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் விசை குவிகிறது. அங்கேதான் முனை உடைகிறது. முடி பட்டே எஃகுக்கு இந்தக் கதி என்றால், நாள் முழுக்கத் தோலில் ஓடுகிற கத்திக்குப் பராமரிப்பு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

தீட்டினால் கத்தி தேய்ந்துபோகும் என்பது அடுத்த குற்றச்சாட்டு. சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடித்தால் தேயும். சூடேறி எஃகின் பதமும் போகும். நாங்கள் பேசுவது கைக்கல்லைப் பற்றி. நல்ல மடக்குக் கத்தியை ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்வில், அந்தச் சாய்வு மாறாமல் கல்லில் இழுக்க வேண்டும். மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். கட்டைவிரலை முனைக்குக் குறுக்கே, வெளிப்பக்கமாக மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். அடுத்து மறுபக்கம், பிறகு அழுத்தம் குறைத்து இரு பக்கமும் மாறி மாறி. கடைசியில் கெட்டியான தோல்பட்டையில் முனை பின்னால் வரும்படி இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். தினமும் பட்டையில் இழுக்கிற கத்திக்குக் கல் எப்போதாவதுதான் தேவைப்படும். ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டுப் பேர்வாங்கிய தமிழ்நாட்டில் தோல்பட்டைக்கா பஞ்சம்?

கூர்மை ஆபத்து என்கிறார்கள். மழுங்கிய கத்திக்குத்தான் கை கூடுதலாக அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில்தான் வழுக்குகிறது. இயந்திரம் வந்துவிட்டது என்கிறார்கள். பெரிய ஆர்டருக்கு அச்சு செய்து பிரஸ்ஸில் வெட்டுவது சரி. மாதிரிக் காலணி ஜோடிக்கும் சின்ன ஆர்டருக்கும் கைக்கத்திதான் கைகொடுக்கிறது. அந்த அச்சுக்கும் முனை உண்டு, அதுவும் மழுங்கும்.

எதிரணி சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை: உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர் கல்லைத் தொடுகிற ஒவ்வொரு நிமிடமும் அவர் பையிலிருந்துதான் போகிறது. அதனால்தான் பலர் மழுங்கிய கத்தியோடு மல்லாடுகிறார்கள். அதற்குத் தீட்டுவதை நிறுத்தச் சொல்வதா? கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கல்லும் பட்டையும் வையுங்கள், தீட்டுகிற நேரத்தைக் கூலியில் சேருங்கள் என்று பட்டறை முதலாளிகளை இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன்.