தரையில் உட்கார்ந்து விற்பவருக்கு யார் அனுமதி தருவது?

(கார்த்திகை தீபத்துக்குச் சில வாரங்கள் முன்பு, கீழ்பென்னாத்தூரில் நடந்த இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



திண்டிவனம், செஞ்சி பக்கத்துக் கூட்டமெல்லாம் தீபத்துக்கு நம் ஊரைத் தாண்டித்தான் திருவண்ணாமலை போகும். இங்கே உட்கார்ந்திருக்கிற பலருடைய அம்மாவோ அத்தையோ அந்த நாட்களில் வேகவைத்த மல்லாட்டையையும் பொரியையும் மூட்டை கட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறுவார்கள். நான் பேச வந்தது அந்த மூட்டையைப் பற்றித்தான்.

தீபம் நெருங்கும்போது ஆண்டுதோறும் இரண்டு வகைச் செய்திகள் வரும். ஒன்று, கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்ய விரும்புவோர் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், குறித்த இடத்தில் மட்டுமே வழங்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது என்பது. இன்னொன்று, சாலையோர ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன என்பது. முதல் செய்தியில் வருகிறவர் 'விரும்புவோர்'. இரண்டாவதில் வருகிறவர் ஆளாகவே இல்லை, ஆக்கிரமிப்பு.

சட்டத்தைத் திறந்து பார்த்தால் இந்த இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 'உணவு வணிகம்' என்பதை விளக்கும்போதே, லாபத்துக்காக நடந்தாலும் இல்லாவிட்டாலும் அது உணவு வணிகம்தான் என்கிறது. அதன் கீழ் 2011-இல் வந்த உரிமம், பதிவு ஒழுங்குமுறை, தலைச்சுமை வியாபாரி, தற்காலிகக் கடை போடுகிறவர், மத நிகழ்ச்சியில் உணவு வழங்குகிறவர் எல்லோரையும் 'சிறு உணவுத் தயாரிப்பாளர்' என்ற ஒரே பிரிவில் வைத்தது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்றது அது. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. தெருவோர உணவு வியாபாரிகளுக்கு அதையும் விலக்குவதாக 2024-இல் அறிவித்தார்கள். விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிக்க வேண்டும். எதுவும் வராவிட்டால் கடையைத் தொடங்கலாம் என்றே அந்த விதி சொன்னது. அம்பது மூட்டை அரிசி போட்டு அன்னதானம் செய்கிற செல்வந்தரும் அஞ்சு படி மல்லாட்டை அவிக்கிற என் பெரியம்மாவும் சட்டத்தின் கண்ணில் ஒரே சாதி என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் அதே ஒழுங்குமுறையின் நான்காவது அட்டவணைக்குப் போங்கள். தெருவோர உணவு வியாபாரிக்கான சுகாதார விதிகள் அங்கே இருக்கின்றன. தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும், குப்பைத்தொட்டிக்கு மூடி வேண்டும் என்பதெல்லாம் நியாயம். கூடவே ஒரு வரி: வண்டியின் வேலை செய்யும் பரப்பு தரையிலிருந்து 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் மனதில் ஒரு தள்ளுவண்டி இருந்திருக்கிறது. சாக்கை விரித்துத் தரையில் உட்காருகிற பெண் இல்லை. வண்டி வாங்கப் பணம் வேண்டும், அதை நிறுத்த இடம் வேண்டும், நிறுத்தும்போது 'இது யார் வண்டி' என்று எவரும் கேட்காத ஊர் வேண்டும். தரையில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருப் பெண்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இடம் பற்றிய சட்டம் வேறு. 2014-ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் மாநகராட்சி, நகராட்சியோடு பேரூராட்சிக்கும் பொருந்தும். கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி. அதன்படி அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது மூன்றாவது பிரிவு. ஆண்டு முழுக்க ஓரிடத்தில் விற்பவரை மனதில் வைத்து எழுதிய சட்டம் இது. பத்து நாள் திருவிழாவுக்கு மட்டும் வந்து விற்பவருக்கு எங்கே இடம் என்பதை இந்தக் குழுக்கள் பேச வேண்டும். பேச வேண்டுமானால் குழுவில் நம் ஆள் இருக்க வேண்டும். கிராம ஊராட்சிக்கோ இந்தப் பாதுகாப்பும் இல்லை. அங்கே ஆடித் திருவிழாவில் யார் கடை போடலாம் என்று ஊர்க்கமிட்டி சொல்லும். இதே மாவட்டத்தில் தென்முடியனூர் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் நுழைய 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊர்களில் கமிட்டியின் வாய்மொழி அனுமதி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி 'சுத்தம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். உணவுப் பாதுகாப்பு என்கிறபோது விதி கேட்பது கையையும் தண்ணீரையும் எண்ணெயையும். ஊர் கேட்பது ஆளை. 2018-இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அவர் கையில் எந்தக் கிருமி இருந்தது? 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தோழர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனது, பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒற்றைச் சொல்லுக்காக. சமைத்தவரின் பிறப்பை விற்பனைச் சரக்காக்கிய சொல் அது.

அந்தப் பலகை இப்போது தலைகீழாகத் திரும்பி வருகிறது. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் போலீஸ், கன்வர் யாத்திரை போகும் பாதையில் உள்ள கடைக்காரர்கள் தங்கள் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்றது. குறி முஸ்லிம் கடைகள். பெயரில் சாதி தெரிகிற நாட்டில் தலித் கடைக்காரரும் தப்ப முடியாது. ஜூலை 22-இல் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. என்ன உணவு என்று எழுதச் சொல்லலாம், பெயரை எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் சாலையோர வியாபாரிகள் சட்டத்திலும் உரிய அதிகாரிக்கு இருக்கும் அதிகாரத்தை போலீஸ் எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு கடைகளில் கியூஆர் கோடு வந்தது. 2025 ஜூலையில் அதே நீதிமன்றம், சட்டப்படியான உரிமத்தையும் பதிவுச் சான்றையும் கடையில் வைக்க வேண்டும் என்று சொல்லி, மற்ற கேள்விகளுக்குள் அப்போது போகவில்லை. அந்தச் சான்றிதழில் பெயர் இருக்கும். ஆக, நாம் கேட்டு வாங்குகிற காகிதமே நம்மை அடையாளம் காட்டவும் பயன்படலாம். இதைத் தெரிந்துகொண்டேதான் பதிவு செய்யுங்கள் என்கிறேன். காகிதம் இல்லாதவரைத்தான் முதலில் விரட்டுகிறார்கள்.

இது வடக்கே மட்டும் நடப்பதல்ல. 2023 ஆகஸ்டில் திருவண்ணாமலை வந்த ஆளுநர் ஆர்.என்.ரவி, கிரிவலப் பாதையில் அசைவ உணவகங்கள் இருப்பது பக்தர்களுக்கு வேதனை தருவதாகச் சொன்னார். அந்த 14 கிலோமீட்டர் பாதையில் மக்கள் குடியிருக்கிறார்கள், மூன்று வேளையும் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது. ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் மாட்டுக்கறி இல்லை. யாரும் கேட்டு வரவில்லை என்றார் அமைச்சர். கேட்டார்கள், கடை வந்தது. இந்த இரண்டு இடத்திலும் உணவுப் பாதுகாப்பு விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

அதனால் விதியே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கெட்டுப்போனதைத் தின்று ஆஸ்பத்திரியில் கிடப்பதும் நம் குழந்தைகள்தான். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமைன்-பி என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டு தமிழ்நாட்டில் தடை வந்தது. துணிக்குப் போடும் சாயம் அது, தடை சரி. ஆனால் திருவிழாத் திருவிழாவாகக் குச்சியில் கட்டித் தூக்கிக்கொண்டு அலைந்த வட மாநிலத் தொழிலாளி அந்தச் சாயத்தைத் தானே காய்ச்சவில்லை. யாரோ பொட்டலம் போட்டு, யாரோ மொத்தமாக விற்று, அவர் கைக்கு வந்தது. சோதனை கடைசிக் கையில் தொடங்கி அங்கேயே முடிந்தால் அது பாதுகாப்பு ஆகாது.

நாம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. விற்பனைக்கு ஒதுக்கும் இடத்தில் குழாய்த் தண்ணீர். தரையில் விற்கிறவர்களுக்கு அந்தப் பத்து நாள் மட்டும் அரசே தரும் மடக்கு மேசை. 60 சென்டிமீட்டர் விதியை அப்படி நிறைவேற்றட்டும். மருத்துவச் சான்று கேட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக. பதிவு முகாம் கலெக்டர் ஆபீசில் மட்டும் என்றில்லாமல் இங்கே, நம் தெருவில். பேரூராட்சியில் விற்பனைக் குழு அமைந்திருக்கிறதா, உறுப்பினர்கள் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய் செலவு, பதில் 30 நாளில் வர வேண்டும். மனுவை எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். பதிவை ஆன்லைனில் செய்யலாம், ஆதாரும் ஒரு போட்டோவும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை நான் லேப்டாப்போடு இங்கேயே இருப்பேன். உங்கள் அம்மாவை அழைத்து வாருங்கள்.