கூடிப் படிக்க ஏற்ற நூல்

(ஆவடியில் ஆற்றப்பெற்ற உரை)



வாசிப்புக் குழுக்கள் பல, ஆர்வத்தோடு தொடங்கிச் சில மாதங்களில் கலைந்துவிடுகின்றன. பழி பெரும்பாலும் கைப்பேசியின்மேல் விழுகிறது. நூல் தேர்வில் நேரும் பிழையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவர் தமக்குப் பிடித்த நூலைப் பிறர்க்குப் புகட்ட முற்பட்டால் குழு வகுப்பறையாகிவிடும். வேலை முடித்துக் களைத்து வருவோர் வகுப்பறைக்கு மீண்டும் வருவதில்லை.

அங்ஙனமாயின் எத்தகைய நூல் ஒரு குழுவைக் கட்டி நிறுத்தும்? 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் நிகழ்ந்தது இதற்கு விடை தருகிறது.

அவ்வாண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே.சாமிநாதையர், அவ்வூர் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். சிற்றிலக்கியங்களும் புராணங்களும் கற்றுத் தேர்ந்த அவரிடம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என முதலியார் வினவினார். அவர் படித்திருக்கவில்லை. பின்னர்ப் பிரதியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கியபோது, நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. சமணக் கோட்பாடும் வழக்கும் அறியாமல் அந்நூலுள் புக இயலவில்லை. அப்போதுதான் அதே ஊரில் வாழ்ந்த சைனக் குடும்பத்தினர் சிந்தாமணியைக் கூடியிருந்து பாடம் கேட்டு வருவதை அறிந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராகிய அவர், அவர்கள் இல்லம் தேடிச் சென்று ஐயம் கேட்டார்; அவர்களும் மகிழ்ந்து விளக்கினர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அக்காப்பியம் எளிய நூலன்று. ஆயினும் அக்குடும்பங்கள் அதனைக் கைவிடவில்லை. அது அவர்கள் வாழ்வோடு பிணைந்திருந்தது. புலவரிடம் மொழியறிவு இருந்தது. அவர்களிடம் மரபறிவு இருந்தது. இரண்டும் கூடியபோதே நூல் திறந்தது. ஆகவே, வருவோர் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒன்று கொணர இடந்தரும் நூலே குழுவுக்கு உரிய நூல்.

இவ்வளவுகோலை ஆவடிக்குப் பொருத்திப் பார்க்கலாம். கனரக வாகனத் தொழிற்சாலை, இரயில்வே, விமானப்படை என வேலையின்பொருட்டுப் பல ஊர்களிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் நிறைந்த நகரம் இது. தெலுங்கு பேசும் மக்கள் தம் ஊரைவிட்டு வந்து கரிசல் மண்ணைத் திருத்திக் குடியேறியதைச் சொல்லும் கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ இங்குள்ள பெரியோர் குழுவுக்கு ஏற்றது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வைக் காட்டும் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ மற்றொன்று. முப்பதாண்டு ஆலையில் உழைத்த ஒருவர் இந்நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பட்டம் பெற்றோரும் வாய்மூடிக் கேட்பர்.

மாணவர்க்கு வேறோர் அளவும் வேண்டும். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ எனப் படிக்கும் திறன் நோக்கி வகுத்துள்ளது. எட்டாம் வகுப்பு மாணவன் ‘நட’ நூலில் தொடங்குவது இழிவன்று. ஒரு நூலை முழுதும் படித்து முடித்த மகிழ்ச்சியே அடுத்த நூலை எடுக்கச் செய்யும். கதை முடிந்ததும் நீதி யாதெனக் கேட்பதைவிட, “நீ அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்?” எனக் கேட்பதே நன்று.

தேர்வுக்குமுன் மூன்று சோதனைகள் போதும். முதற்பத்துப் பக்கங்களை உரக்கப் படித்துப் பார்த்தல் ஒன்று. நாவுக்கு இடறும் நடை கூட்டத்துக்கும் இடறும். இருவர் மாறுபட்டுப் பேச நூலில் இடமுண்டா எனக் காண்டல் இரண்டு. கிளை நூலகத்திலோ மலிவுப் பதிப்பிலோ போதிய படிகள் கிடைக்குமா என விசாரித்தல் மூன்று.

முதியோரும் இளையோரும் ஒருங்கே தொடங்க விரும்பினால் சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ பொருந்தும். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்ததாதலின், ஓர் அத்தியாயம் ஓர் அமர்வுக்கு அளவாக நிற்கும். பேரன் படிக்கத் தாத்தா விளக்கலாம். தாத்தாவின் கண் களைத்த இடத்தில் பேரன் தொடரலாம். கும்பகோணத்துக் குடும்பங்களின் செய்தியும் அதனுள் உண்டு. அவர்கள் தம் வீடுகளில் படிப்பதை நிறுத்தியிருந்தால், சாமிநாதையர் ஐயத்தோடு தட்டுவதற்கு ஒரு கதவும் இருந்திராது. ஆவடியிலும் அத்தகைய கதவுகள் திறந்திருத்தல் வேண்டும்.