குடியரசுத் தலைவர் தேர்தலும் நாமும்



இரயில்வே எழுத்தராகிய நாம் பேசப் போவது கட்சி அரசியலன்று; குடிமக்களின் கடமை.

குடியரசுத் தலைவரை நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற ஈரவைகளிலும் சட்டமன்றங்களிலும் மக்களாலோ அவர்தம் பிரதிநிதிகளாலோ தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினரே தேர்ந்தெடுக்கின்றனர். நியமன உறுப்பினர்க்கு அவ்வுரிமையில்லை. கேரளச் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 152. தமிழ்நாட்டு உறுப்பினரின் மதிப்பு 176. ‘இங்குள்ளோர்க்கு மதிப்புக் குறைவோ?’ என மயங்க வேண்டா. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, ஆயிரத்துக்கு ஒன்றாகக் கணக்கிட்ட அளவே இது. ஆதலின் தலைக்குத் தலை மதிப்பு ஒன்றே.

ஒரு வாக்கின் வலிமையை 1969 காட்டியது. இரயில்வேத் தொழிலாளர் தலைவராயிருந்தவரும், 1960 முதல் 1965 வரை கேரள ஆளுநராக இந்நகரில் வாழ்ந்தவருமான திரு. வி. வி. கிரி அன்று போட்டியிட்டார். முதல் விருப்ப வாக்குகளால் எவரும் பெரும்பான்மை பெறவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பின்னரே, 14,650 மதிப்பு வேறுபாட்டில் அவர் வென்றார்.

அத்தகைய உறுப்பினரை அனுப்பும் வாக்கை நாம் என் செய்கிறோம்? நம்மில் பலர் பெயரைப் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே விட்டு வைத்துள்ளோம். தேர்தலன்று அங்குச் செல்ல விடுப்பில்லை, இங்கோ பெயரில்லை. நாமும் பல்லாண்டு அவ்வாறே இருந்து வெட்கினோம். வழக்கமாக வாழுமிடத்தில் பதிவதே சட்டம்.

பொங்கலுக்கு ஊர் செல்வோம். வாக்கை வாழும் ஊரில் அளிப்போம். இவ்வாண்டே பெயரைப் பதிவோம்.