பிள்ளையைக் காணோம்னா முதலில் தண்ணியைப் பாருங்க
(பரமக்குடி கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுப் பையன் மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். 80 மணி நேரத்துக்கு மேல் போராடியும் உயிரோடு மீட்க முடியலை.

நம்ம ஊர்களிலும் கண்மாய், ஊருணி, கருவேலங்காடு எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கு. பிள்ளையைக் காணோம்னா முதலில் தண்ணி, கிணறு, குழி இருக்கிற இடத்துக்கு ஓடுவோம். அப்புறம் கருவேலங்காடு. ஒருத்தர் வீட்டிலேயே இருக்கணும். பிள்ளை தானாவே திரும்பி வரலாம்.

விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். 1098-க்குப் போன் போடுவோம், காசு கிடையாது. காவல் நிலையத்துக்கும் உடனே போவோம். காணாமல் போன குழந்தைக்கு வழக்குப் பதியணும்னு உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லியிருக்கு.

திறந்து கிடக்கும் குழிகளை இந்த வாரமே குழுவாகப் போய்க் கணக்கெடுத்து, ஊராட்சியில் சொல்லி மூட வைப்போம்.