உப்பு ஏரிக்குள் சுருளும் கல்பாதை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், 1869-இல் கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைத்த புரோமான்டரியைத் தாண்டினால் தார்ச்சாலை தீர்ந்துவிடும். அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் மண்ரோடு. பெட்ரோல் பங்க் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. ரோடு முடிகிற இடத்தில் சரிவில் இறங்கினால், கரையிலிருந்து கருங்கல் பாதை ஒன்று கிளம்பி, கிரேட் சால்ட் ஏரிக்குள் இடஞ்சுழியாகச் சுருண்டு கிடக்கிறது. நீளம் 1,500 அடி, அகலம் 15 அடி. பெயர் 'ஸ்பைரல் ஜெட்டி'.

1970 ஏப்ரலில் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் இந்தக் கலைப்படைப்பை உருவாக்கியபோது அவருக்கு வயது 32. கட்டிக் கொடுத்தவர் பாப் பிலிப்ஸ் என்ற ஒப்பந்தக்காரர்; அந்த ஏரியில் கரைகட்டிப் பழகியவர். லாரிகளும் மண் அள்ளும் இயந்திரமும் ஆறாயிரம் டன்னுக்கு மேல் கல்லும் மண்ணும் கொட்டின. வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். சில நாளில் ஸ்மித்சன் திரும்பக் கூப்பிட்டார். முதலில் கொக்கி போல வளைந்திருந்த முனையைக் கலைத்து, இன்று நாம் பார்க்கும் சுருளாக நீட்டச் சொன்னார். கொட்டிய கல்லை மறுபடி அள்ளிக் கொட்ட முன்வந்த அந்த ஆட்களையும் இங்கே நினைக்கத்தான் வேண்டும்.

அவர் இந்த இடத்தைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம், தண்ணீரின் நிறம். 1959-இல் போட்ட ரயில்பாதைக் கரை ஏரியை இரண்டாகப் பிரித்தது. ஆற்றுநீர் வந்து சேராத வடபகுதியில் உப்பு ஏறியது, உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகின, நீர் சிவந்தது. உப்பளப் பாத்தி சிவப்பேறுவதைப் பார்த்த தூத்துக்குடி நேயர்களுக்கு இது புதிதல்ல.

இதை நின்று பார்த்தால் போதாது, நடக்க வேண்டும். இதைப் பற்றி எடுத்த திரைப்படத்தில் ஸ்மித்சனே மையத்தை நோக்கி ஓடுகிறார், மேலே ஹெலிகாப்டர் துரத்துகிறது. வளைவுக்கு வளைவு மலை, ஏரி, வானம் எல்லாம் முகம் மாறி மாறி வருகின்றன. பிரகாரத்தை வலம் வந்து பழகிய கால்களுக்கு இது நேரெதிர்த் திசை. மையத்தில் கருவறை இல்லை, கல்தான் இருக்கிறது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

ஸ்மித்சன் 1973-இல் விமான விபத்தில் இறந்தார். ஏரி நீர் உயர்ந்து, சுருள் சுமார் முப்பது ஆண்டு மூழ்கிக் கிடந்தது. 2002-இல் வெளிவந்தபோது கறுத்த கற்கள் உப்பு பூத்து வெளுத்திருந்தன. இப்போதோ ஏரி வற்றி, சுருளைத் தாண்டி நடந்தால்தான் தண்ணீர்.

போக வாய்ப்பவர்கள் தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். 1999 முதல் இதைப் பேணும் டியா கலை அறக்கட்டளை, கற்களை நகர்த்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. அடுத்து வருபவருக்கும் அவை பிலிப்ஸின் ஆட்கள் போட்ட இடத்திலேயே கிடக்கட்டும்.